கிழவியும் கட்டளைச் சட்டமும்

மட்டக்களப்பில் ஒரு கலியாணத்தைத் தடுக்க அந்தக் காலத்தில் சட்டம் தேவைப்படவில்லை. ஒரு கிழவி போதும்.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அம்மம்மாவிடம் இருந்தது. சம்பந்தம் பேச ஆட்கள் வருவார்கள். திண்ணையில் பாய் விரிப்போம், வட்டாவில் வெற்றிலை வரும். முதலில் மழை, பிறகு வேளாண்மை, பிறகு மாட்டுப்பட்டி. பெண்ணுக்கு எழுதப்போகிற வீடு வளவு, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் எத்தனை ஏக்கர் வயல், பொடியனின் உத்தியோகத்துக்குப் பென்சன் உண்டா என்பதையெல்லாம் ஆண்கள் பேசி முடித்து, நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்திருப்பார்கள். அப்போதுதான் கதவு மறைவிலிருந்து குரல் வரும்: "எல்லாம் செரி. பொடியன் என்ன குடி?"

பதில் பிழையாக வந்தால் அவ்வளவுதான். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புவார்கள். கோபம் யாருக்கும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குடியென்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி. அண்ணனுக்குத் தங்கச்சியைப் பேசியதற்கு வெட்கப்படலாம், கோபப்பட என்ன இருக்கிறது?

வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வரும். தகப்பன் எவ்வளவு பெரிய நிலக்காரப் போடியாராக இருந்தாலும் பிள்ளைக்குக் கிடைப்பது தாயின் குடிதான். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி, கச்சிலா குடி என்று முக்குவருக்கு ஏழு குடி சொல்வார்கள். வெள்ளாளருக்கும் மற்றவர்களுக்கும் தங்கள் தங்கள் குடிகள் உண்டு. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயில் உரிமை, திருவிழா உரிமை எல்லாம் குடிக்குக் குடி பங்கு பிரிந்தவை. கலியாணத்துக்குக் குடிமுறை சொல்வது ஒன்றே ஒன்று: ஒரே குடிக்குள் கட்டாதே. பெண் அக்கரைப்பற்றில் பிறந்து, பொடியன் வாகரையில் வளர்ந்து, இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று கண்டதே இல்லையென்றாலும் கட்டாதே. (சாதியைப் பற்றி நான் இங்கே எழுதவில்லையே என்று நினைக்க வேண்டாம். சாதி கேட்கப்படுவதில்லை. திண்ணைக்கு ஆள் வருவதற்கு முன்பே அது விசாரித்து முடிந்திருக்கும்.)

இந்த முறைக்குள் சொத்துச் சட்டமும் ஒன்று இருந்தது. தாய்மாமனின் முதுசம் மருமகனுக்குப் போகிற முக்குவச் சட்டம். கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை 1876 இல் நூலாக அச்சிட்டார். அதே 1876 இல் வந்த 15 ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. எழுதி வைத்த வருடமே சட்டம் செத்துப்போவது மட்டக்களப்புக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையை அந்தக் கட்டளைச் சட்டம் தொடவில்லை, அது இன்றைக்கும் நீதிமன்றத்தில் நிற்கிறது. எங்களுடையது போய்விட்டது. ஆனால் போனது சொத்து மட்டும்தான். கலியாணத்தைக் கிழவிகள் விட்டுக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடித்ததும் நான் புளியந்தீவில் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராகச் சேர்ந்தேன். அவருடைய அலுமாரியில் கட்டளைச் சட்டங்கள் தோல் அட்டை போட்டு வரிசையாக இருந்தன. கரையானும் நானும்தான் அவற்றைத் தவறாமல் படித்தவர்கள். அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, தன்னோடு படிப்பித்த ஒரு ரீச்சரில் விருப்பப்பட்டான். படுவான்கரைப் பெண். சாதி சரி, சாதகம் சரி, வயலும் இருந்தது. குடி மட்டும் எங்கள் குடி.

வீடு இரண்டுபட்டது. நான் அண்ணனுக்காகச் சட்டம் தேடினேன். 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். யார் யாரைக் கட்டக் கூடாது என்று 16 ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. நேர் வம்சத்தில் மேலும் கீழும் கூடாது. சகோதரி கூடாது. சகோதரனின் மகள், சகோதரியின் மகள் கூடாது. மனைவிக்கு வேறு புருஷனால் பிறந்த மகள் கூடாது. மகனின் விதவை, தகப்பனின் விதவை கூடாது. மீறிச் சேர்ந்து வாழ்ந்தால் அடுத்த பிரிவு ஒரு வருடம் வரைக்கும் மறியல் சொல்கிறது. நான் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குடி என்ற பேச்சே இல்லை. அதுமட்டுமல்ல, மச்சாளைக் கட்டலாம், சின்னம்மாவின் மகளையும் கட்டலாம். தடை செய்யப்பட்டவர்களின் வரிசையில் அவள் இல்லை.

இந்தப் பெரிய கண்டுபிடிப்போடு அம்மம்மாவிடம் போனேன். அவ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா.

"சட்டத்தில ஒரே குடிக்குத் தடையில்ல அம்மம்மா. சின்னம்மாட மகளைக் கட்டினாலும் குற்றமில்லயாம்."

பாக்குவெட்டி நின்றது. "ஆர்ட சட்டம் மனே?"

"வெள்ளைக்காரன்ட சட்டம்."

"அப்ப செரிதான். தங்கச்சி ஆர், மச்சாள் ஆரெண்டு தெரியாத ஆக்கள் எழுதினா அப்பிடித்தான் இரிக்கும்."

அதோடு விடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, கணக்குப் போட்டுக் காட்டினா. "நீயும் இந்தக் குடி, அவளும் இந்தக் குடி. புள்ள பிறந்தா அதுவும் இந்தக் குடி. உன்ட தங்கச்சிட புள்ளைகளும் இந்தக் குடிதான். அப்ப உன்ட மகனுக்கு மாமி மகள் ஆரு? மச்சாள் இல்லடா, தங்கச்சி. ஒரு பக்கத்து மச்சாள் முறை முழுக்கப் போயிற்று. நாளைக்கு அவனுக்கு எங்க போய்ப் பெண் எடுப்பாய்? கண்டிக்கா?"

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர்கள் வரைபடம் கீறி விளங்கப்படுத்துகிற விஷயம் இது. அமெரிக்காவிலிருந்து டெனிஸ் மெக்கில்வ்ரே என்பவர் அந்தக் காலத்தில்தான் அக்கரைப்பற்றில் வந்து தங்கியிருந்து இந்தக் குடிமுறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய பெரிய புத்தகம் 2008 இல் வந்தது. அம்மம்மா பாக்கு வெட்டுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தா.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அம்மம்மாவும் 1907 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றுபட்ட இடம் ஒன்று இருந்தது: அக்கா மகள். தமிழ்நாட்டில் தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது உரிமை. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும், வழக்கம் இருந்தால் சரி என்று அதற்கு வழிவிட்டிருக்கிறது. இங்கே சட்டம் அதைக் குற்றமென்கிறது. குடிக் கணக்கிலோ அக்காவும் தம்பியும் ஒரு குடி, அக்காவின் மகளும் அதே குடி, அதனால் அவள் மகள் மாதிரி. இந்த ஒற்றுமையின் வில்லங்கத்தைப் பட்டினத்துத் தியேட்டரில் பார்க்க வேண்டும். இந்தியப் படத்தில் கதாநாயகி "மாமா" என்று பாடிக்கொண்டு தாயின் தம்பியைச் சுற்றி வருவாள். கொட்டகையில் ஒரு சலசலப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது கேட்டே விடுவார்கள்: "இது எந்த மாமாகா? சொந்த அம்மானா?" சொந்த அம்மான்தான் என்று உறுதியானதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு காட்சியையும் விடாமல் பார்த்து முடிப்பார்கள். 1958 இன், 1977 இன் கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களிடம் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் இருந்தது. ஊரார் அவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள், பதிவுகாரர் மறுத்து அனுப்பினார். ஒருவருக்கு முறையானது இன்னொருவருக்கு மறியல் என்று நான் முதலில் விளங்கிக்கொண்டது அங்கேதான்.

அந்த 1907 பற்றி இன்னொன்று. இறந்த மனைவியின் தங்கச்சியைக் கட்டலாமா என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்து, கடைசியில் கட்டலாம் என்று சட்டம் போட்டதும் அதே 1907 இல்தான். பிஷப்மார் எதிர்த்தார்களாம். எங்கள் ஊரில் மனைவியை இழந்தவனுக்குப் பிள்ளைகளைப் பார்க்க அவளுடைய தங்கச்சியைக் கட்டிவைப்பது சாதாரணம். பிள்ளைகள் அதே குடி, அதே வீடு, தாய்க்குப் பதில் சின்னம்மா. இதற்கு எந்தப் பிஷப்பும் தேவைப்படவில்லை.

அண்ணன் கட்டினான். கோயிலில் இல்லை, விவாகப் பதிவுகாரரின் வீட்டு விறாந்தையில். சாட்சியாக நான் போனேன். பதிவுகாரர் எங்கள் பக்கத்து ஆள், அம்மம்மாவுக்குத் தெரிந்தவர். பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு கனநேரம் யோசித்தார். "சட்டத்தில ஒண்டுமில்ல தம்பி" என்றார், சட்டத்தின் மேல் மனக்குறை உள்ளவர் மாதிரி. பிறகு எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பெயர், வயது, இனம், தொழில், வதிவிடம், தகப்பனின் பெயர், தகப்பனின் தொழில். பெண்ணுக்கும் அதே. அவர் எழுதி முடித்ததும் பார்த்தேன். தாயின் பெயருக்கு நிரலே இல்லை. கிழக்குக் கரை முழுக்க யார் யாரைக் கட்டலாம் என்று தீர்மானித்த தாய்மார், அரசாங்கத்தின் கலியாணப் புத்தகத்தில் ஒரு கோட்டுக்குக்கூட இடம் பெறவில்லை. அம்மம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டத்தின் மேல் அவவுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிருக்கும்.

ஒரு வருடம் அண்ணன் வீட்டுப்படி மிதிக்கவில்லை. மகள் பிறந்ததும் அம்மம்மா தானே போய்ப் பார்த்தா. "நம்மட குடிதானே" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டா.

வயது விஷயத்துக்கு வருகிறேன். இதில் கிழவிகளின் பக்கம் பேச எனக்கு வாயில்லை. அம்மம்மா கலியாணம் முடித்தது பதின்மூன்று வயதில். குடிமுறை ஆயிரம் மைல் தள்ளியிருந்த தங்கச்சியைத் தேடிப் பிடிக்கும், எதிரில் நின்ற சிறுபிள்ளையைப் பார்க்காது. சட்டம் மட்டும் பார்த்ததா? 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாப்பிள்ளைக்குக் குறைந்தது 16, பெண்ணுக்கு 12. ஐரோப்பிய அல்லது பறங்கி வம்சத்து மகளென்றால் மட்டும் 14. எங்கள் அலுவலகத்துக்கு மேசை, அலுமாரி செய்து தந்த ஓடாவி ஒருவர் பறங்கி. டச்பார் பக்கத்து ஆள். வீட்டில் போர்த்துக்கீசும் வெளியில் எங்கள் தமிழும் பேசுவார். அந்த வரியை ஒருநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கட பிள்ளைக்கு ரெண்டு வருஷம் கூடத் தந்திருக்காங்களா? ஏன், எங்கட பிள்ளைகள் மெதுவாவா வளருது?"

ஒரே தெருவில் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போன இரண்டு சிறுமிகளில் ஒருத்தி எப்போது பெண்ணாவாள் என்பதை முப்பாட்டன் ஏறிவந்த கப்பலைப் பார்த்துத் தீர்மானித்த அந்த வரி, சுதந்திரம் கிடைத்த பிறகும், குடியரசான பிறகும் 1995 வரைக்கும் புத்தகத்தில் இருந்தது. அந்த வருடத்துத் திருத்தம்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 என்றது.

நல்ல சட்டம். வந்த நேரம்தான் அப்படி. கொழும்பில் வயதைப் பதினெட்டாக உயர்த்தியபோது இங்கே யுத்தம் அதைப் பதினைந்துக்கும் பதினாறுக்கும் இறக்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை இயக்கத்தில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், தாலி கட்டியிருந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், படுவான்கரைத் தாய்மார் கிடைத்த பொடியனுக்குக் கட்டிவைத்தார்கள். குடி பார்க்க நேரமில்லை. பதிவு செய்யவும் வழியில்லை, சட்டப்படி அது கலியாணமே இல்லை. சில வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?" என்று ஒரு நிரல் இருந்தது. அதில் விழுந்த "இல்லை"யை அழிக்க முடியுமா என்று கேட்டார்கள். புருஷன் இருந்தவர்களுக்கு, பதினெட்டு நிரம்பிய பிறகு பதிவு செய்து திருத்த வழி இருந்தது. காணாமல் போனவனை எப்படிப் பதிவுக்குக் கூப்பிடுவது? அந்த வரிசையில் நின்றவர்கள் கனபேர். இதில் சிரிக்க ஒன்றும் கிடைக்காது, மேலே போகிறேன்.

பதினெட்டு எல்லோருக்குமா என்றால், அதுவும் இல்லை. முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் குறைந்த வயது இல்லை. பன்னிரண்டுக்குக் கீழென்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

காத்தான்குடியில் எனக்கு ஒரு கூட்டாளி, புடவைக் கடைக்காரர். காணி உறுதி எழுத எங்கள் அலுவலகத்துக்கு வந்த பழக்கம். வெளியூரார் அறியாத ஒன்று: முஸ்லிம்களுக்கும் இங்கே தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசலை நிருவகிக்கிற மரைக்கார்மாரைக் குடிக்குக் குடி தெரிந்தெடுத்த காலம் இருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வதும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். திமிலரை விரட்ட முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியருக்குப் பெண் கொடுத்தார்கள், பிறந்த பிள்ளைகள் தாயின் குடியை எடுத்துக்கொண்டன என்று ஊர்க்கதை சொல்லும். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளியிடம் குடி கேட்டேன். சொன்னார். எங்கள் குடி.

"அப்ப நாம அண்ணன் தம்பி மச்சான்" என்றேன்.

"அண்ணன் தம்பியெண்டா பிறகென்ன மச்சான்?" என்றார். "அப்ப உன்ட தங்கச்சிய எனக்குக் கேக்க ஏலா. நல்ல காலம், மார்க்கம் தடுக்க முந்தி குடி தடுத்துட்டு."

கடை முழுக்கச் சிரித்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு அப்படிச் சிரிக்க முடியவில்லை. அவர் கடைக்கும் என் வீட்டுக்கும் இடையிலிருந்த ஐந்தாறு கிலோமீற்றர் ஒரு நாட்டு எல்லையாகிவிட்டது. கனகாலம் கழித்து, மகளின் கலியாணத்துக்கு ஆலோசனை கேட்கத்தான் திரும்ப வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். பட்டதாரி. அவளுக்கு ஒரு சந்தேகம்.

"என்ட கலியாணப் பதிவில என்ட கையெழுத்து எங்க சாச்சா போடுறது?"

அந்தப் படிவத்தில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், பெண்ணுக்காக வலி, அதாவது அவளுடைய ஆண் பாதுகாவலர், ஒப்பமிடுவார். பெண்ணுக்கு இடம் இல்லை. அவளுடைய தகப்பன் அவளுக்கென்று கட்டிய வீட்டின் உறுதி எங்கள் அலுவலகத்தில்தான் எழுதப்பட்டது. அதில் அவள் பெயர், அவள் கையெழுத்து. வீட்டுக்குச் சொந்தக்காரி, அந்த வீட்டுக்கு யார் வந்து இருக்கப்போகிறார் என்ற தாளில் பார்வையாளர்.

"அப்ப நான் பொதுச் சட்டத்தில பதியிறன். அதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாந்தானே?"

ஏலாது. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தான் எந்தெந்த விவாகத்துக்குப் பொருந்தும் என்று சொல்கிற இடத்திலேயே, இஸ்லாம் சமயத்தவர் இருவருக்கு இடையிலான விவாகத்தை விலக்கிவைத்திருக்கிறது. ஒருவர் மட்டும் முஸ்லிம் என்றால் பதியலாம். இருவரும் முஸ்லிம் என்றால் முடியாது. விளங்கப்படுத்தினேன்.

அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். "அப்ப நான் ஒரு தமிழ்ப் பொடியனைக் கட்டினா கையெழுத்துப் போடலாம். முஸ்லிம் பொடியனைக் கட்டினா ஏலா. சட்டம் என்னத் தமிழ்ப் பொடியன் பாக்கச் சொல்லுதா சாச்சா?"

கூட்டாளிக்குப் புரையேறியது. நான் தண்ணீர் எடுக்கப் போனேன். கேட்ட கேள்வியில் பிழையில்லை என்பதுதான் இருவருக்கும் பயம்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. 2021 இல் அமைச்சரவை திருத்தங்களுக்கு ஒப்புதல் சொன்னது. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வலி ஒப்பமிட்டார், கலியாணம் நன்றாக நடந்தது, எனக்குப் புரியாணி வந்தது. அவளுடைய மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தச் சிறுமியும் தாயைப் போலவே நிறையக் கேள்வி கேட்கிறாளாம்.

மதம் மாறினால் எல்லாம் தீரும் என்று நினைத்தவர்களும் எங்களிடம் வந்ததுண்டு. பெரும்பாலும் முதல் கலியாணம் கசந்துபோன ஆண்கள். ரீட் என்ற கிறிஸ்தவர் மனைவி இருக்கையில் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாவது கலியாணம் முடித்ததைக் குற்றமில்லை என்று லண்டன் பிரிவிக் கவுன்சில் 1965 இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு கனபேருக்கு அவசர பக்தியைக் கொடுத்தது. உயர் நீதிமன்றம் 1990களின் கடைசியில் அபேசுந்தர வழக்கில் அந்தக் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு பக்தி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆலோசனை கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள்.

இப்போதைய கதைக்கு வருவோம். இப்போது திண்ணையும் இல்லை, வட்டாவும் இல்லை. தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்புகிறார். உயரம், நட்சத்திரம், படிப்பு, வதிவிட உரிமை. "குடி?" என்று கேட்டால், "இல்ல, பொடியன் குடிக்கிறதில்ல" என்று பதில் வருகிறது.

2021 ஒக்ரோபரில் பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. 2022 ஜனவரி 1 முதல் இலங்கையர் வெளிநாட்டவரைக் கட்டுவதென்றால் அந்த வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது. கொழும்பில் இதை யாரை நினைத்து எழுதினார்களோ. இங்கே மாட்டியது எங்கள் அயல்வீட்டுப் பெண். மாப்பிள்ளை அவளுடைய சொந்த மாமியின் மகன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்து, ஆறு வயதில் கனடா போனவன். பெண்ணின் வீட்டு மாமரத்தில் ஏறி விழுந்து கை முறித்ததற்குச் சாட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாஸ்போட்டின் நிறம் மாறிவிட்டதால் அவன் இப்போது அந்நியன். நாட்டின் பாதுகாப்புக்கு அவனால் ஆபத்தில்லை என்று அமைச்சு சொல்ல வேண்டியிருந்தது.

பெண்ணின் அம்மம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. இந்தச் சான்று என்ன என்று என்னிடம் கேட்டா. "பொடியன் கடைசி ஆறு மாதத்துக்குள்ள குற்றவாளியாகேல்ல எண்டு காட்டுறது" என்றேன்.

"ஆறு மாசந்தானா?" என்றா. "அதுக்கு முந்தி என்னவும் செஞ்சிரிக்கலாமா? அமைச்செண்டு சொல்லுறாய், விசாரிக்கத் தெரியாதாகா அவங்களுக்கு?"

என்னைப் பார்த்து "கா" போட்டுப் பேசுகிற வயது அவவுக்கு. சான்று வந்தது, கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகுதான் கனடாவுக்கு விண்ணப்பம். அங்கே கேள்வி தலைகீழ். இந்தக் கலியாணம் உண்மையானதா என்று காட்டு. ஒருவரையொருவர் முந்தியே தெரியுமா, படம் உண்டா, தொலைபேசியில் கதைத்த கணக்கு உண்டா? மாமரத்துக் கதையை எந்த நிரலில் எழுதுவது என்று பெண் என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கடைசியாக நோர்வே.

என் தங்கச்சி அங்கே போய்க் குடியேறிக் கனகாலம். அவளுக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகள். மச்சான் மச்சாள். எங்கள் முறையில் இதைவிட நெருங்கிய உரிமை இல்லை. இருவரும் தொட்டிலில் கிடந்த காலத்தில் யாரோ ஒருமுறை சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் முப்பது வருடமாக இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் மகனின் படிப்பைச் சொல்லும்போது, இதோ கேட்கப்போகிறாள் என்று என் மனுசி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் மகளின் வேலையைப் பற்றிச் சொல்லும்போது, இதோ அண்ணன் கேட்கப்போகிறான் என்று அவள் அங்கே மூச்சைப் பிடித்திருக்கிறாள், பின்னால்தான் தெரிந்தது. மகனுக்கு அங்கே ஒரு விருப்பம் இருக்கிறது. மகளுக்கு இங்கே கலியாணத்திலேயே விருப்பம் இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் உரிமையை மதிக்காத குற்றம், கேட்டால் பிள்ளைகளோடு சண்டை.

2024 இல் நோர்வே நாடாளுமன்றம் நெருங்கிய இரத்த உறவுக் கலியாணங்களைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. மாமன் மகளும் தடை, சித்தி மகளும் தடை. 1907 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் இருவரையும் கட்டலாம் என்றான், நோர்வேக்காரன் இருவரையும் கட்டக் கூடாது என்கிறான். இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டுக் கிழவி சொன்ன குறை அப்படியே பொருந்துகிறது.

செய்தி கேட்ட அன்று இரவே தங்கச்சி எடுத்தாள். குரல் தழுதழுத்தது. "பாத்தியா அண்ணன்? நம்மட உரிமையில கைய வைச்சிட்டாங்க. எவ்வளவு ஆசையா இரிந்தன் தெரியுமா? அவளைத்தான் மருமகளா எடுக்கிறதெண்டு மனசுக்குள்ள வைச்சிரிந்தன்."

"நானும் அப்பிடித்தான்" என்றேன். "நீ கேட்டா ஒரு சொல்லும் சொல்லாம தந்திரிப்பன்."

"சட்டமெண்டு சொன்னா நாம என்ன செய்யிற?"

"என்ன செய்யிற."

இருவரும் நெஞ்சு நிறையக் கவலைப்பட்டோம். அப்படி மனம் விட்டு நாங்கள் கதைத்துக் கனகாலம். என் மனுசி பக்கத்தில் நின்று, நோர்வே அரசாங்கத்தை நல்ல மட்டக்களப்புத் தமிழில் ஏசினாள். ஏசிக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி போட்டாள், சீனி கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது.

மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தச் சட்டம் இஞ்சயும் இரிக்கா அப்பா?"

"இல்ல. இஞ்ச மச்சானைக் கட்டலாம்."

"எனக்கு இன்னும் நாலு மச்சான்மார் இரிக்காங்க" என்றாள். "இஞ்சயும் கொண்டுவரச் சொல்லுங்க."